கொட்டகை கைவிட்டுப் போகும் முன்: சிற்றூர்த் திரையரங்கின் வரலாற்றைத் திரட்டிக் காப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் ரோடு என்றொரு சாலை இருக்கிறது. அச்சாலைக்குப் பெயர் தந்த வெரைட்டி ஹால் இப்போது இல்லை. திருச்சியில் ரயில்வே வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவர் 1914-இல் அன்றைய சிறு நகரமான கோயம்புத்தூரில் நிலையாகக் கட்டிய அரங்கே வெரைட்டி ஹால். பிற்காலத்தில் டிலைட் என்ற பெயரில் ஓடிய அக்கட்டடம் சில ஆண்டுகளுக்கு முன் இடிக்கப்பட்டது. தென்னிந்தியத் திரையரங்கு வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றான இடத்துக்கே இதுதான் கதி என்றால், பேரூராட்சி ஒன்றின் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் அரங்கை யார் நினைவில் வைத்திருப்பார்கள்?

உங்கள் ஊரில் அப்படி ஓர் அரங்கு இருந்தால், அதன் வரலாற்றைத் திரட்டவும் முடிந்தவரை அதைக் காக்கவும் என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். வரிசைக்கு நான் அழுத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலோர் கட்டடத்தைப் படம் எடுப்பதில் தொடங்கி, கட்டடத்தைப் பற்றிக் கவலைப்படுவதிலேயே நின்றுவிடுகிறார்கள். செங்கல் சுவர் இன்னும் இருபது ஆண்டுகள் காத்திருக்கும். எண்பது வயதைக் கடந்த, அங்கே புரொஜெக்டரை ஓட்டிய ஆபரேட்டர் காத்திருக்க மாட்டார். எனவே, எது முதலில் கைவிட்டுப் போகுமோ அதிலிருந்து தொடங்குவோம்: முதலில் மனிதர்கள், பிறகு காகிதங்கள், பிறகு கேபினில், அதாவது புரொஜெக்டர் அறையில், இருக்கும் இயந்திரங்கள், கடைசியாகக் கட்டடம்.

1. தொடங்கும் முன்: உங்கள் அரங்கு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது?

கேள்வி கேட்கப் போகிறவருக்குக் கொஞ்சம் முன்னறிவு வேண்டும். தமிழகச் சிற்றூர்களில் படக்காட்சி கூடாரத்திலும் கீற்றுக் கொட்டகையிலும்தான் வேர்விட்டது. டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட அக்கொட்டகைகளுக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே உரிமம் கிடைத்தது. பின்னாளில் எழுந்த நிலையான அரங்குகள் பலவற்றுக்கும், அதே ஊரில் அதற்கு முன் ஓடிய கொட்டகை ஒன்று முன்னோடியாக இருந்திருக்கும். ஆகவே, "இந்தத் தியேட்டர் எப்போது கட்டப்பட்டது?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், "இதற்கு முன் ஊரில் படம் எங்கே பார்த்தீர்கள்?" என்றும் கேளுங்கள். வரலாறு பத்து இருபது ஆண்டுகள் பின்னோக்கி நீளும்.

நிலையான அரங்கு எழுவதில் மின்சாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இலும், மேட்டூர் 1937-இலும், பாபநாசம் 1944-இலும் மின்சாரம் வழங்கத் தொடங்கின. உங்கள் வட்டாரத்துக்கு மின்கம்பி எப்போது வந்தது என்பதைத் தெரிந்துகொண்டால், அரங்கு ஏன் அந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதற்குப் பல சமயம் விடை கிடைக்கும். கம்பி வராத ஊர்களில் ஆயில் எஞ்சினும் ஜெனரேட்டரும் வைத்து ஓட்டினார்கள். எஞ்சின் அறையின் கான்கிரீட் மேடை சில அரங்குகளின் பின்புறத்தில் இன்றும் புதருக்குள் கிடக்கிறது. பெயரும் ஒரு தடயம்தான். முதல் தமிழ்ப் பேசும்படம் 1931 அக்டோபர் 31-இல் சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. எனவே தொடக்கத்திலிருந்தே 'டாக்கீஸ்' என்று பெயர் தாங்கிய அரங்கு பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதாகவே இருக்கும்.

சட்டமும் கட்டடத்தில் தன் அடையாளத்தைப் பதித்திருக்கிறது. அக்காலப் படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. எளிதில் தீப்பற்றி, காற்றில்லாமலும் எரியக்கூடியது. 1918-ஆம் ஆண்டின் சினிமாட்டோகிராஃப் சட்டம் காட்சி இடங்களுக்கு உரிமம் வேண்டும் என்று விதித்ததற்குத் தீ பற்றிய அச்சமே முக்கியக் காரணம். கேபின் தனி அறையாகவும், கெட்டியான சுவரோடும், சாளரத் துளைகளில் விழும் இரும்புத் தகடுகளோடும் அமைந்தது இதனால்தான். தமிழகத்தைப் பொறுத்தவரை 1955-ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் கீழ் வந்த 1957-ஆம் ஆண்டு விதிகளும் அரங்குகளின் பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றையும் ஆண்டன. அச்சட்டத்தின் கீழ் மாவட்டங்களில் உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காகிதங்களைத் தேடும்போது கைகொடுக்கும்.

2. முதலில் மனிதர்கள்

உரிமையாளரைத் தேடித்தான் எல்லோரும் முதலில் போவார்கள். நான் ஆபரேட்டரைத் தேடித்தான் முதலில் போகச் சொல்வேன். உரிமையாளரின் குடும்பத்தில் ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் கதை சொல்வார். ஆனால் கார்பன் குச்சிகள் எரியும் வெளிச்சத்தில் படம் ஓட்டிய கைகள் ஓர் ஊரில் இரண்டோ மூன்றோதான் இருந்திருக்கும். அவருக்கு அடுத்து டிக்கெட் கிழித்தவர், கவுன்ட்டரில் இருந்தவர், மேனேஜர், சைக்கிள் ஸ்டாண்டு நடத்தியவர், இடைவேளையில் முறுக்கும் சோடாவும் விற்றவர், மாட்டு வண்டியில் தட்டியும் மைக்கும் கட்டிக்கொண்டு நோட்டீஸ் வீசியபடி சென்றவர், சுவரில் பசை தடவிப் போஸ்டர் ஒட்டியவர் என்று பட்டியல் போடுங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊர் டீக்கடையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்தால் போதும்.

பெண்களை விட்டுவிடாதீர்கள். பழைய கொட்டகைகளில் பெண்களுக்குத் தனிக் கவுன்ட்டரும், குட்டையான தடுப்புச் சுவருக்கு அப்பால் தனிப் பகுதியும் இருந்தன. அந்தப் பகுதியில் என்ன நடந்தது என்பதை அங்கே உட்கார்ந்தவர்களால்தான் சொல்ல முடியும். எந்தக் காட்சிக்கு வீட்டில் அனுப்பினார்கள், யார் துணைக்கு வந்தார்கள், கைக்குழந்தை அழுதால் என்ன செய்தார்கள், வயலில் நடவு முடிந்த அன்று எத்தனை பேர் சேர்ந்து வந்தார்கள் என்பவையெல்லாம் எந்தக் கோப்பிலும் கிடைக்காத செய்திகள். அதுபோலவே, தரை, பெஞ்சு, சேர் என்ற பிரிவுகளில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்றும் தயங்காமல் கேளுங்கள். தெருவிலும் கோயிலிலும் சேர்ந்து நிற்க முடியாதவர்கள், காசு கொடுத்தால் ஒரே கூரையின் கீழ் உட்காரலாம் என்ற நிலையைக் கொட்டகைதான் பல ஊர்களில் முதலில் உண்டாக்கியது. உங்கள் ஊரில் அது உண்மையில் நடந்ததா, நடந்தது என்றால் எவ்வளவு தூரம் என்பதை அவ்வூர்க்காரர்களின் வாயால் பதிவுசெய்வது மிக முக்கியமானது.

கேட்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். "அந்தக் காலம் எப்படி இருந்தது?" என்று தொடங்கினால், "ரொம்ப நன்றாக இருந்தது" என்ற விடைதான் வரும். ஒரு நாளின் வேலையை வரிசையாகக் கேளுங்கள். படப்பெட்டி எந்தப் பேருந்தில் அல்லது எந்த ரயிலில் வந்தது? பெட்டி தாமதமானால் கூட்டத்தை எப்படிச் சமாளித்தார்கள்? ஒரே பிரதியைப் பக்கத்து ஊர்க் கொட்டகையோடு பங்கிட்டு, ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் கொடுத்தனுப்பியது உண்டா? கொட்டகையில் ஒரு புரொஜெக்டரா, இரண்டா? ஒன்றே ஒன்று இருந்த இடங்களில் ரீல் மாற்றுவதற்காக ஒரே படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை விட்டார்கள். இரண்டு இருந்த இடங்களில் திரையின் வலது மேல் மூலையில் மின்னி மறையும் புள்ளியைப் பார்த்து ஆபரேட்டர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினார். இப்படிக் கேட்கும்போது, மறந்துபோனதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தவையெல்லாம் கைவழியே திரும்பி வரும்.

முடிந்தால், அவரைக் கேபினுக்கே அழைத்துச் செல்லுங்கள். படியேற முடியாதவராக இருந்தால், கேபினின் புகைப்படங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொண்டுபோய் அவர் மடியில் வையுங்கள். நான் பேசிய ஓர் ஆபரேட்டர் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரத்தில் சொன்னதைக் காட்டிலும், பழைய இயந்திரத்தின் கைப்பிடியைத் தொட்ட பத்து நிமிடத்தில் சொன்னது அதிகம்.

பதிவுக்குக் கைபேசியே போதும். ஆனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தெருச் சத்தம் குறைந்த அறையில், கைபேசியைப் பேசுபவருக்கு இரண்டடிக்குள் வைத்துப் பதிவுசெய்யுங்கள். தொடக்கத்திலேயே பெயர், வயது, செய்த வேலை, தேதி, இடம் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். இந்தப் பதிவை எங்கே வைப்போம், யார் கேட்பார்கள் என்பதை விளக்கி, அவருடைய ஒப்புதலை எழுத்தில் பெறுங்கள். எழுதியெடுக்கும்போது அவருடைய பேச்சு வழக்கைத் திருத்தாதீர்கள். 'ஆர்க்கு விட்டுப்போச்சு' என்று அவர் சொன்னதை 'வில்விளக்கு அணைந்தது' என்று மாற்றினால் தொழிலின் மொழியே தொலைந்துவிடும்.

3. காகிதங்கள்: எங்கே கிடைக்கும், எப்படிக் காலம் கணிப்பது

அரங்கின் அலுவலக அறையில் தொடங்குங்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டிய 'சி' படிவ உரிமம், மின் ஆய்வாளரின் சான்று, பொதுப்பணித் துறைப் பொறியாளர் தந்த கட்டட உறுதிச் சான்று, வினியோகஸ்தரோடு செய்த ஒப்பந்தங்கள், அன்றாட வசூலைக் காட்டும் டி.சி.ஆர். தாள்கள், கேளிக்கை வரிக் கணக்குகள், டிக்கெட் புத்தகங்கள், இடைவேளையில் காட்டிய உள்ளூர்க் கடைகளின் விளம்பரக் கண்ணாடி ஸ்லைடுகள் என்று எல்லாமே வரலாற்று ஆவணங்கள்தாம். இவற்றில் நான் மிக உயர்வாக மதிப்பது டி.சி.ஆர். தாள்களை. எந்தப் படம், எத்தனை நாள், எந்தக் காட்சிக்கு, எந்த வகுப்பில் எத்தனை பேர் என்பதை அவை நாள்தோறும் சொல்கின்றன. அறுவடைக்குப் பின் கூட்டம் ஏறுவதையும், மழைக்காலத்தில் இரண்டாம் ஆட்டம் காலியாக ஓடுவதையும் அவற்றில் விரல்வைத்துப் படிக்கலாம். உரிமையாளர்கள் எடைக்குப் போடுவதும் முதலில் இவற்றைத்தான். எனவே, முதல் சந்திப்பிலேயே, "பழைய கணக்குத் தாள்களை எங்களைக் கேட்காமல் போட்டுவிடாதீர்கள்" என்று மட்டுமாவது சொல்லி வையுங்கள்.

அரங்குக்கு வெளியே முதலில் செல்ல வேண்டிய இடம் சார்பதிவாளர் அலுவலகம். நிலத்தின் சர்வே எண்ணைக் கொண்டு வில்லங்கச் சான்று எடுத்தால், நிலம் யாரிடமிருந்து யாருக்கு, எந்த ஆண்டில் வந்தது, எப்போது அடமானம் வைக்கப்பட்டது என்பது புலப்படும்; மூலப்பத்திரத்தின் நகலில் சில சமயம் 'சினிமா கொட்டகை இருந்த மனை' என்ற வரியே கிடைத்துவிடும். ஆட்சியர் அலுவலகத்தின் உரிமக் கோப்புகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். கோப்புகளை அழித்திருக்கவும் கூடும். ஆனாலும், தடையில்லாச் சான்று, உரிமம் புதுப்பித்தல், இருக்கை எண்ணிக்கை ஆகியவற்றின் நகல் என்று குறிப்பாகக் கேட்டால் பொதுவாகக் கேட்பதைவிடப் பயன் மிகுதி. விடுதலைக்கு முந்தைய அரசு ஆணைகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடலாம். பாட்டுப் புத்தகங்கள், துண்டு நோட்டீஸ்கள் போன்றவற்றுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சிறந்த இடம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் வாழ்நாள் முழுவதும் சேர்த்த தொகுப்பிலிருந்து வளர்ந்த நூலகம் அது என்பது, நம்மைப் போன்றவர்களுக்கு ஊக்கம் தரும் செய்தி.

கிடைக்கும் காகிதங்களில் பாதிக்குத் தேதி இருக்காது. அப்போது உள்தடயங்களைப் பாருங்கள். கட்டணம் அணாவில் இருந்தால், அது பெரும்பாலும் தசம நாணயம் வந்த 1957 ஏப்ரலுக்கு முந்தையது. 'நயா பைசா' என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. கடிதத் தாளில் 'சென்னை மாநிலம்' என்றிருந்தால், மாநிலத்தின் பெயர் மாறிய 1969 ஜனவரிக்கு முந்தையது என்று கொள்ளலாம். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது. நோட்டீஸில் ணை, லை, னை போன்றவை பழைய வடிவில், அதாவது துதிக்கை போட்ட எழுத்தில் இருந்தால், 1978-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஆனால் சிற்றூர் அச்சகங்கள் பழைய ஈய எழுத்துகளை அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பயன்படுத்தின என்பதால் இதை மட்டும் நம்ப வேண்டாம். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கும். அவ்வச்சகம் எப்போது தொடங்கியது என்று விசாரிப்பது இன்னொரு வழி.

இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்றைச் சுட்ட வேண்டும். நோட்டீஸில் உள்ள படத்தின் வெளியீட்டு ஆண்டையே நோட்டீஸின் ஆண்டாகக் கொள்வது தவறு. ஏ, பி, சி என்று வினியோகஸ்தர்கள் ஊர்களைப் பிரித்திருந்த காலத்தில், பெருநகரில் வெளியான படம் 'சி' சென்டரான சிற்றூருக்கு வந்து சேர மாதங்கள் ஆகும். பழைய படங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதும் கொட்டகைகளின் வழக்கம். படத்தின் ஆண்டு, 'அதற்கு முன்பு இருக்க முடியாது' என்ற எல்லையை மட்டுமே தரும். திறப்புவிழாப் படம் எது என்று பலர் பல பெயர்களைச் சொல்வதும் இதனால்தான்; பத்து வயதில் தான் பார்த்த முதல் படத்தையே அரங்கின் முதல் படமாக ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருப்பார்கள்.

காகிதத்தைக் கையாளும் விதி எளிது. செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்பிள் கம்பியையும் மெதுவாக எடுத்துவிடுங்கள். மடித்த போஸ்டரை வலிந்து விரிக்காமல், ஈரமில்லாத நிழலில் ஒன்றிரண்டு நாள் தளரவிட்டுத் தட்டையாக விரித்து வையுங்கள். வெள்ளத்துக்கும் கரையானுக்கும் எட்டாதபடி, தரைக்கு மேலே இரும்பு அலமாரியில், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். நோட்டீஸ் அளவுத் தாள்களைக் குறைந்தது 400 டி.பி.ஐ. தெளிவில், நிறத்தோடு, பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்; பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதிய கணக்கு, முன்பக்கத்தைவிட மதிப்புள்ளதாக இருக்கக்கூடும்.

4. கேபின்

ஓர் ஊருக்கு நான் பதினைந்து நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு புரொஜெக்டர்களும் காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போயிருந்தன. கேபினில் போல்ட் அறுத்த தடமும் எண்ணெய்க் கறையும்தான் மிச்சம். அன்று உண்டான வருத்தம் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை. கியூப் போன்ற டிஜிட்டல் முறைகள் பரவி, 2010-களின் நடுப்பகுதிக்குள் தமிழகத்தில் ஃபிலிம் பிரதிகளின் காலம் முடிந்துபோன பிறகு, இந்த இயந்திரங்களுக்கு இரும்பின் விலைதான் விலை. ஆகவே, கேபினை முழுமையாகப் படம் எடுப்பதை முதல் நாளிலேயே செய்துவிடுங்கள்: நான்கு சுவர்களும், கூரையும், ஒவ்வோர் இயந்திரத்தின் நான்கு பக்கங்களும், அதன் மேல் பதித்த தயாரிப்புத் தகடும், வரிசை எண்ணும், சுவரில் ஆபரேட்டர் கிறுக்கிய தொலைபேசி எண்களும் கணக்குகளும்கூட வேண்டும்.

எதைப் பார்க்கிறோம் என்று புரிந்து பாருங்கள். கார்பன் ஆர்க் விளக்கில் நேர்மின் குச்சியும் எதிர்மின் குச்சியும் எதிரெதிரே நின்று, இடைவெளியில் எழும் வில்லொளிதான் திரையை நிரப்பியது. குச்சிகள் எரிந்து குறையக் குறைய ஆபரேட்டர் அவற்றை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும், சற்றுக் கவனம் பிசகினால் திரை மங்கிக் கீழே விசில் பறக்கும். குச்சிகள் எரியும் புகை வெளியேறுவதற்காகவே விளக்குப் பெட்டியிலிருந்து கூரைக்குக் குழாய் போகும். கேபின் கூரையில் புகைபோக்கியோ அது இருந்த துளையோ இருந்தால் அங்கே கார்பன் ஓடியது என்றும், இரண்டு இருந்தால் இரண்டு புரொஜெக்டர்கள் இருந்தன என்றும் கொள்ளலாம். பிற்காலத்தில் வந்த, செனான் வாயு அடைத்த விளக்கு ஆபரேட்டருக்கு ஓய்வு தந்தது. ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல், நொடிக்கு 24 படச்சட்டங்கள் என்ற வேகத்தில் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும். பதினைந்தாயிரம் அடிப் படத்துக்குப் பதினைந்து ரீல்கள், இரண்டே முக்கால் மணி நேரம். பெட்டியின் எடையைப் பற்றி முதியவர்கள் பேசும்போது இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

சில எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது. செனான் விளக்கு அணைந்து குளிர்ந்திருந்தாலும் உள்ளே வாயு உயர் அழுத்தத்தில் இருக்கும். கைதவறினால் கண்ணாடி வெடித்துச் சிதறும். முகக் கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல், பழக்கமில்லாதவர்கள் அதைக் கழற்றவே கூடாது. பழைய விளக்குப் பெட்டிகளின் உட்புறத்திலும் கம்பிகளின் உறையிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும், சுரண்டாதீர்கள். விளக்குக்கு நேர்மின்னோட்டம் தரும் ரெக்டிஃபயருக்கு மின்சாரம் கொடுத்து, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று சோதிக்காதீர்கள்.

படச்சுருள் துண்டுகள் கிடைத்தால், முதலில் விளிம்பைப் பாருங்கள். 'சேஃப்டி' என்ற சொல் அச்சாகியிருந்தால் அது பெரும்பாலும் எளிதில் தீப்பற்றாத அசிடேட் சுருள். அச்சொல் இல்லாமல், 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையதாகத் தோன்றினால், நைட்ரேட் என்றே கருதி, வெப்பத்துக்கும் நெருப்புக்கும் எட்டாத இடத்தில் தனியே வைத்து, புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அணுகுங்கள். தீக்குச்சி வைத்துச் சோதிப்பது பேராபத்து. அசிடேட் சுருளில் புளித்த காடி வாடை வந்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாடை பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். பிரித்து, காற்றோட்டமுள்ள குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

இயந்திரத்தை இடம் மாற்றாமல் காக்க முடிந்தால் அதுவே சிறப்பு. முடியாதபோது, பிரிப்பதற்கு முன் ஒவ்வோர் இணைப்பையும் படம் எடுத்து, பாகங்களுக்குத் துணிச் சீட்டில் எண் கட்டி, முன்னாள் ஆபரேட்டரின் மேற்பார்வையில் பிரியுங்கள். புதுப் பெயின்ட் அடிக்காதீர்கள். தூசியை மென்தூரிகையால் நீக்கி, அசையும் பாகங்களுக்கு மெல்லிய இயந்திர எண்ணெய் விட்டு, மாதம் ஒரு முறை கையால் மெதுவாகச் சுற்றினால் துரு இறுகாது.

5. கட்டடம்

பூட்டிய அரங்கைக் கொல்வது தண்ணீர். ஆண்டுக்கணக்கில் அடைபட்ட கூரைக் கால்வாயிலிருந்து வழியும் மழைநீர் சுவருக்குள் இறங்கி, பூச்சை உப்பவைத்து, மரச்சட்டங்களைக் கரையானுக்குக் கொடுத்துவிடும். கையில் இருப்பது ஐயாயிரம் ரூபாய் என்றாலும் அதைக் கால்வாய் சுத்தம் செய்யவும், உடைந்த ஓடுகளையோ தகரத்தையோ மாற்றவும், சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுக்கவும் செலவிடுங்கள். முகப்புக்கு வண்ணம் பூசுவது பிறகு. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் உடைக்கவோ அறுக்கவோ கூடாது. தவிர்க்க முடியாத வேலையில் நனைத்துவிட்டு, முகமூடியோடு, முழுத் தகடாகவே இறக்க வேண்டும்.

சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரைச் சிமென்டால் பூசாதீர்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளே அடைத்து, செங்கல்லையே பொடியாக்கும். பூச்சு உதிர்ந்த இடத்தில் பழைய காரையைச் சிறிது எடுத்துப் பழகிய கொத்தனாரிடம் காட்டி, அதே வகைக் கலவையில் பழுது பாருங்கள். இன்னும் கைகளில் அந்தத் தொழிலை வைத்திருக்கும் கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இருக்கிறார்கள்.

பழுதுக்கு முன் அளவெடுங்கள். உள்ளூர்ப் பொறியியல் அல்லது கட்டடக்கலைக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு தரைப்படமும் நீள்வெட்டுப் படமும் வரைந்துவிட்டால், கட்டடம் போனாலும் அதன் வடிவம் நிற்கும். தரையின் சரிவு, தரை டிக்கெட் பகுதி முடிந்து பெஞ்சு தொடங்கும் கோடு, பால்கனிப் படி, எதிரொலியைக் குறைக்கச் சுவரில் அறைந்த பலகைகள், கவுன்ட்டரின் கை நுழையும் அளவேயான பொந்து, வரிசையை ஒழுங்குபடுத்தக் கட்டிய ஆள் ஒருவர் மட்டும் நுழையும் குறுகிய சந்து ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள். அந்தச் சந்தின் சுவர் தோள்பட்டை உயரத்தில் வழவழவென்று தேய்ந்திருக்கும். அதை மட்டும் யாரும் பூசி மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. சட்டமும் பயன்பாடும்

அரங்கு யாருடையது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் 'காப்போம்' என்று பலகை வைப்பது உரிமையாளரைப் பகைத்துக்கொள்ளும் வழி. மூன்றாம் தலைமுறையில் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். அவர்களில் பலர் வெளியூரில் இருப்பார்கள். கடைவீதி மனையின் விலை நாளுக்கு நாள் ஏறும். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. தொலைக்காட்சியும் திருட்டு வீடியோவும் கூட்டத்தைக் குறைத்த ஆண்டுகளிலும், 2020-இல் அரங்குகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தபோதும் நட்டத்தைத் தாங்கியவர்கள் அவர்கள்தாம். விற்பதென்று முடிவெடுத்துவிட்ட குடும்பத்திடம் போய் விற்காதீர்கள் என்று சொல்வதைவிட, பதிவுசெய்ய மூன்று மாத அவகாசமும், முகப்பெழுத்தும், ஒரு புரொஜெக்டரும் கேட்பது பலன் தரும்.

தமிழ்நாடு மரபுச் சின்னங்களுக்கென 2012-ஆம் ஆண்டு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. மரபுச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்புக்கும் மாவட்டக் கிளைகள் உண்டு. மேலே சொன்ன வரைபடங்களும் ஆவணங்களும் கையில் இருந்தால்தான் இவர்களிடம் உங்கள் மனு எடுபடும். ஆனால் ஒரு கட்டடத்தை நீண்ட நாள் காப்பது பயன்பாடுதான். சென்னை அண்ணா சாலையில் 1913-இல் வார்விக் மேஜர் கட்டிய எலெக்ட்ரிக் தியேட்டர் அரங்காக நீடித்தது சில ஆண்டுகளே. அதை 1915-இல் அஞ்சல் துறை வாங்கிப் பயன்படுத்தியது. இன்றும் அஞ்சல்தலை அலுவலகமாக அது நிற்கிறது. உங்கள் ஊர் அரங்கும் திருமண மண்டபமாகவோ, நூலகமாகவோ, போட்டித் தேர்வுப் பயிற்சிக் கூடமாகவோ மாறலாம்; கூரையும் தரைச் சரிவும் முகப்பும் கேபினும் சிதையாமல் இருந்தால் அம்மாற்றத்தை நான் வரவேற்பேன். மீண்டும் படம் ஓட்டுவதாக இருந்தால், உரிமம், மின் பாதுகாப்பு, கட்டட உறுதி, தீயணைப்பு ஆகிய சான்றுகள் எல்லாவற்றையும் புதிதாகப் பெற வேண்டியிருக்கும் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

7. திரட்டியதை எங்கே வைப்பது

ஒலிப்பதிவு, ஸ்கேன், வரைபடம் எல்லாவற்றையும் மூன்று பிரதிகளாக வையுங்கள்: ஒன்று உங்களிடம், ஒன்று ஊரின் கிளை நூலகத்திலோ பள்ளியிலோ, ஒன்று வெளியூரில் உள்ள ஒரு நூலகத்திலோ காப்பகத்திலோ. கோப்புப் பெயரிலேயே ஆண்டு, ஊர், பொருள் மூன்றும் இருக்கட்டும். 'படம்_47' என்ற பெயர் ஐந்தாண்டில் உங்களுக்கே புரியாது. ஹார்டு டிஸ்க்கை ஆண்டுக்கு ஒரு முறை, தைப்பொங்கல் என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, திறந்து பார்த்து, ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதியதில் படியெடுங்கள். பேட்டி கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் அவருடைய பதிவின் பிரதி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். அவர் இல்லாத காலத்தில் அவ்வீட்டார் முதலில் தேடுவது அந்தக் குரலைத்தான்.